இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நீ

என் செல்லத் தம்பி சிவாவுக்கு,

பொது அலைவரிசை வந்துவிட்டதுடா. வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்போது நம் தீயணைப்பு வண்டியில் பேசுவது பக்கத்து ஊர் வண்டிக்குக் கேட்கிறது. அவர்கள் இருமினால்கூட நமக்குக் கேட்கிறது. பொல்பிட்டிய பக்கம் பள்ளத்தில் இறங்கினால் மட்டும் மலை மறைத்துக்கொள்கிறது. அதற்கும் வழி பார்க்கிறார்களாம்.

அம்மா இருக்கிறாள். மழைக்கு முட்டி வீங்கிவிடுகிறது. உன் கம்பளிச் சட்டையைத் தான் போட்டுக்கொண்டு, "இது அவனுக்கே சின்னதா போச்சு" என்று தினமும் ஒரு காரணம் சொல்கிறாள். யாரும் காரணம் கேட்பதில்லை.

இதை வேறு சிலரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பட்டம் படித்துவிட்டு நகரசபையில் எழுதுவினைஞராக இருந்த என்னை, தமிழும் சிங்களமும் தடுமாறாமல் பேசுகிறேன் என்று தீயணைப்புப் பிரிவின் வோக்கி மேசையில் உட்கார வைத்தார்கள். பிறகு அதே பிரிவில் நீ வண்டியில் சேர்ந்தாய். தோட்டத்துப் பிள்ளைகள் இருவர் ஒரே இடத்தில் அரசாங்கச் சம்பளம் என்று அம்மா கோவிலில் பொங்கல் வைத்தாள்.

வோக்கியில் உறவுமுறை சொல்லக் கூடாது, வண்டியின் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். நீ "வண்டி இரண்டு, இடத்துக்கு வந்தாச்சு" என்று விறைப்பாகத் தொடங்குவாய். முடிக்கும்போது "சரிக்கா" என்பாய். பொறுப்பதிகாரி ஐயா என் மேசைக்கே வந்துவிடுவார்.

"மிஸ், உங்க தம்பிக்குச் சொல்லுங்க. இது வீட்டு போன் இல்ல."

நான் அதை வோக்கியிலேயே உனக்குச் சொல்வேன். "சரிக்கா, இனிமே சொல்ல மாட்டேன்க்கா" என்று பதில் வரும். பின்னால் மோகன் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரிப்பது கேட்கும்.

அன்று மேட்டுத் தோட்டத்தில் லயம் எரிகிறது என்று அழைப்பு வந்தபோது பகல் நேரம். பெரியவர்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளான லயத்தில் பிள்ளைகளும் நடக்க முடியாதவர்களும் மட்டும்தான். நீங்கள் போய் ஒருவர் விடாமல் வெளியே கொண்டு வந்துவிட்டீர்கள். கோடியில் இரண்டு காம்பராக்கள், இரண்டு குடும்பங்களின் அறைகள், எரிந்துகொண்டிருந்தன. மற்றக் காம்பராக்களுக்குத் தீ தாவாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். வண்டியில் இருந்தது தீரப்போகிறது.

உதவிக்குப் பக்கத்து ஊர்த் தண்ணீர் பவுசர் வந்துதான் இருந்தது. கீழ்ப்பாதை வழியாக வந்து பெரட்டுக் களத்தில் நின்றது. காலையில் தொழிலாளர் வரிசையாக நிற்க, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்தச் சின்ன வெளிதான். உதவிக்கு வரும் வண்டி, கூப்பிடும்வரை அங்கேதான் நிற்க வேண்டும். ஒற்றைத் தோட்டப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இரண்டும் உதவாது. நல்ல வழக்கம்தான். கூப்பிடத்தான் வழியில்லை. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு காலத்தில் வாங்கிய வோக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலைவரிசை. நீ எனக்குச் சொல்ல வேண்டும், நான் தொலைபேசியில் அவர்கள் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் தங்கள் வோக்கியில் பவுசருக்குச் சொல்ல வேண்டும்.

"அக்கா, பவுசரை மேல வரச் சொல்லுங்க. தண்ணி முடியப் போகுது."

"அடிச்சிக்கிட்டே இருக்கேன்டா. லைன் கிடைக்கல."

அந்த நிலையத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். லயம் எரிகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

"இங்க இருந்து பாத்தா வண்டி தெரியுதுக்கா. கைய ஆட்டுறோம். அவங்களும் சிரிச்சிக்கிட்டு கைய ஆட்டுறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.  அந்த நேரத்தில் நாம் இருவரும் சிரித்தோம், சிவா.

"சரி, நானே இறங்கிப் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன். குறுக்கால போனா பக்கந்தான். சரிக்கா."

அதன் பிறகு உன் குரல் வரவில்லை.

நீ களத்துக்குப் போய்ச் சேர்ந்தாய். பவுசர் ஓட்டி வந்த சிங்கள அண்ணன் பந்துல அய்யே உன் கருமாதிக்கு வந்து, முற்றத்தில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அவருடைய தமிழ் உனக்குத் தெரியும், தம்பி என்பதற்கு 'மல்லி' என்றுதான் வரும்.

"நான் சொல்லிச்சு, மல்லி, வண்டியில ஏறு, ஏறு. அவன் சிரிச்சிச்சு. 'நீங்க ரோட்டால சுத்தி வாங்க அய்யே, நான் முந்திப் போய் ஓஸ் பைப் பூட்டி வைக்கிறேன்' சொல்லிச்சு. ஓடிச்சு. நான் கையப் புடிச்சி இருக்கணும்."

பவுசர் மேலே வந்தது. மிச்சக் காம்பராக்கள் தப்பின. நீதான் மேலே வந்து சேரவில்லை. அதற்குள் மலையில் மூட்டம் இறங்கி, புகையும் சேர்ந்து பக்கத்தில் நிற்பவன் முகம்கூடத் தெரியாத நிலை. மோகன், நீ பவுசர் ஆட்களோடு நின்று வேலை செய்கிறாய் என்று நினைத்தான். பவுசர் ஆட்கள், நீ உன் வண்டிக்குப் போய்விட்டாய் என்று நினைத்தார்கள். நான் மோகனிடம் வோக்கியில் கேட்டேன்.

"அவன் அந்தப் பக்கம் நிப்பான்க்கா. நான் இந்த ஓஸை விட்டுட்டு நகர முடியாது."

அந்தப் பக்கத்தைக் கேட்க எனக்கு வழியில்லை.

தீ அணைந்து ஓஸைச் சுருட்டும்போதுதான் இரண்டு ஊர் ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்து "சிவா எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். குறுக்குப் பாதைக்குப் பக்கத்தில், தேயிலைக்குள் மழைத்தண்ணீர் வடிய வெட்டிய ஆழமான கானில் நீ கிடந்தாய். தலை கல்லில் அடிபட்டிருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

நெருப்பு உன்னைத் தொடவே இல்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் போய்விட்டாய். பொத்தானை அழுத்திப் பேசினால் போய்ச் சேரவேண்டிய ஒரு வார்த்தைக்காக.

உனக்குத் தெரியாத பகுதி இதுதான். நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் வண்டி எண் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு சிவா என்று. கடைசியில், ஐயா பக்கத்தில் நிற்கும்போதே, "டேய் தம்பி, அக்கா பேசுறேன்டா, எங்கடா இருக்க" என்று கூப்பிட்டேன்.  உன் சட்டைப் பையிலிருந்து எடுத்த வோக்கி உடையவில்லையாம், வேலை செய்துகொண்டிருந்ததாம். மோகன்தான் அதை அணைத்தான்.

அப்படியானால் உனக்குக் கேட்டதா? கேட்டும் பொத்தானை அழுத்த முடியாமல் கிடந்தாயா? டாக்டரிடம் கேட்கலாம் என்று வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். என் குரல் உனக்குக் கேட்டிருந்தால், தனியாக இல்லை என்றாவது தெரிந்திருக்கும். கேட்காமல் இருந்திருந்தால், வலி இருந்திருக்காது. எதை வேண்டிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது ஐயா வந்து அம்மா முன்னால் குனிந்து நின்றார். அம்மா அழவில்லை. கேட்டாள்:

"கொழுந்தெடுக்கப் போற எங்களுக்கே பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க ஐயா. ஒரு ஆள் குறைஞ்சா, எங்க அவன்னு கேப்பாங்க. நெருப்புக்குப் போன புள்ளைங்களுக்குப் பேர் கூப்பிட ஆள் இல்லையா?"

  நான் வரிப்பகுதிக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டேன். அங்கே எந்தச் சத்தமும் இல்லை. யாராவது வந்து மேசையைத் தட்டினால்தான் தலை நிமிர்வேன்.

பொது அலைவரிசைக்கு அனுமதி கிடைத்ததும் ஐயா அங்கே வந்தார். இரண்டு ஊரையும் வோக்கி மேசையில் ஒன்றாகப் பார்த்துக்கொள்ள இரண்டு மொழியும் தெரிந்தவர் வேண்டும் என்றார். முடியாது என்றேன். அவர் போகாமல் நின்றார். அப்போது அம்மாவின் கேள்வி எனக்குள் எழுந்தது. ஒரு நிபந்தனை சொன்னேன்: இரண்டு ஊர் ஆட்கள் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் நான் அடிக்கடி எல்லோர் பேரையும் கூப்பிடுவேன், ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும், ஒருவர் குறைந்தாலும் தேட வேண்டும்.

"நெருப்பு எரியிறப்ப பெரட்டுப் போட நேரமா மிஸ்?"

"நேரம் இல்லாமத்தான் ஐயா அவன் கான்ல கிடந்தான்."

அவர் ஒப்புக்கொண்டார். பக்கத்து ஊரில்தான் முணுமுணுத்தார்கள். நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா என்றார்களாம். பந்துல அய்யே எழுந்து, "அந்த மல்லிக்குப் பேர் கூப்பிட்டிருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பேன்" என்று சிங்களத்தில் சொன்னபிறகு அடங்கிவிட்டார்களாம். நம் ஆட்கள் "இருக்கேன்" என்றும் அவர்கள் "இன்னவா" என்றும் பதில் சொல்வது என்று முடிவானது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.

போன வாரம் ஊர்க்கோடியில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை ஒன்று எரிந்தது. இரண்டு ஊர் வண்டிகளும் போயின. நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேர்ப் பட்டியலை எடுத்தேன், சிவா. கூப்பிட்டேன்.

"பந்துல?"

"இன்னவா."

"மோகன்?"

பதில் இல்லை.

"மோகன்?"

இரைச்சல் மட்டும். யாராவது பார்த்தீர்களா என்று இரண்டு மொழியிலும் கேட்டேன். ஓஸ் பிடித்திருந்தவர்களைத் தவிர எல்லோரும் தேடத் தொடங்கியது கேட்டது. ஒருவன் சுவருக்குப் பின்னால் ஓடுகிறான், ஒருவன் கான் பக்கம் பார்க்கிறேன் என்கிறான். கான் என்ற சொல் காதில் விழுந்ததும் மறுபடியும் மோகன் பேரைச் சொன்னேன்.

அப்போது மெதுவாக ஒரு குரல்:

"இருக்கேன்க்கா... ஒண்ணுக்குப் போயிருந்தேன்."

இரண்டு ஊரும் ஒரே அலைவரிசையில் சிரித்தது. "ஏண்டா, அதுக்கும் வோக்கிய எடுத்துக்கிட்டுப் போடா!" என்று ஒருவன் கத்தினான். பந்துல அய்யே சிங்களத்தில் ஏதோ சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. நான் பொத்தானை அழுத்தி, "மோகன், இனிமே எங்க போனாலும் சொல்லிட்டுப் போகணும்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. சிரிப்பு உடனே நின்றது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"சரிக்கா" என்றான். ஐயா அருகில்தான் நின்றார். கண்டிக்கவில்லை.

மிச்சப் பேர்களையும் கூப்பிட்டு முடித்தேன். எல்லோரும் இருந்தார்கள். அதற்கு மேலும் ஒரு பேர் என் வாயில் நின்றது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, யாருக்கும் போகாதபடி, ஒரு முறை கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

வரிப்பகுதிக்கு நான் திரும்பிப் போகவில்லை, தம்பி. எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும், எந்த மொழியில் பதில் சொல்பவனாக இருந்தாலும், எல்லோர் குரலும் என் காதில் விழாமல் ஓஸைச் சுருட்ட விட மாட்டேன். இது அம்மா தலையில் கைவைத்து உனக்குச் சொல்வது.

சரிடா.

வோக்கியிலும் உனக்கு அக்காவாகவே இருந்த,
உன் அக்கா