பாவாயியின் ஊறுகாய் பாட்டில்

பங்குனி 18, செவ்வாய்.

மரவள்ளிக் குருத்தெல்லாம் மாவுப்பூச்சி அப்பி, முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு கிடக்கிறது. மூன்றாம் முறை மருந்தடிக்கலாம் என்று இன்று காலை ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். களையெடுக்க வரும் பாவாயி குறுக்கே வந்து நின்றாள். கையில் துணியால் வாய் கட்டிய ஊறுகாய் பாட்டில்.

"ஏனுங்ணா, அடிக்கறதுக்கு முன்னால இதப் பாருங்க."

உள்ளே எங்கள் மரவள்ளிக் காட்டுக் குருத்துதான். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே சில மட்டும் பழுப்பாக உப்பி, முதுகில் ஓட்டையோடு செத்திருந்தன. கண்ணாடியில் எள்ளைவிடச் சிறிய குளவி ஒன்று ஊர்ந்தது.

"போன வருசம் மல்லசமுத்திரத்துல நாங்க களைவெட்டுன காட்டுல ஆபீசருங்க இதத்தான் கொண்டாந்து உட்டாங்க. மாவுப்பூச்சிக்குள்ள முட்ட வெச்சு, குஞ்சு அதையே தின்னுபோட்டு வெளிய வருதுங்க. நம்ம காட்டுக்கும் தானா வந்துருக்குது. மருந்தடிச்சா மொதல்ல இதுதானுங்க சாவும்."

உறுதி செய்துகொள்ள ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். என்ன பொறுமை, என்ன கண்! தினமும் அதே வரப்பில் நடக்கும் எனக்கு வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. முன்பு இரண்டு முறை அடித்ததில் எத்தனை குளவியைக் கொன்றேனோ.

மருந்து டப்பாவைத் திறக்கவில்லை. பயிர் தேறுமா என்று தெரியாது.

உறுத்துவது வேறு. போன வாரம் முழுக்க அவள் செடியருகே நின்றபோதெல்லாம், "கைய நிறுத்தாத புள்ள" என்று கத்தினேன்.

நாளை களைக்கொத்தை நான் வாங்கிக்கொண்டு, அவளைச் செடியருகே நின்று பார்க்கச் சொல்ல வேண்டும்.