பதினாலாம் பக்கத்துக்கு அப்புறம்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்குற வெயில். ஐயம்பேட்டை பஸ் வரல, ஷேர் ஆட்டோ. வாங்கணும்: கண் சொட்டு மருந்து, கோதுமை மாவு.

ஜர்னல்ல இருந்து மெயில். கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. என் பேரு, கூட கணக்கு போட்ட சேகர் பேரு. அவன் செத்து ஒரு மாசம்கூட முழுசா ஆகல. அதுக்குள்ள டிபார்ட்மென்ட்ல அவன் மேசையைக் காலி பண்ணணுமாம். நல்லா இருக்குது.

ஜூன் 11, புதன்
பெரிய காஞ்சிபுரம், சேகர் வீடு. பக்கத்து வீட்டுத் தறி சத்தத்துல பாதி பேச்சு கேக்கல. அவன் சம்சாரம் மல்லிகா காபி குடுத்துச்சு. சர்க்கரை போட மறந்துபோச்சு, நானும் சொல்லல.

"கடைசி பேப்பர்ல அவர் பேரு வருதா அண்ணா?"

வருதும்மான்னேன். அவன் கணக்கு நோட்டைக் கையில குடுத்துச்சு.

ஜூன் 12, வியாழன்
எங்க வழக்கம்: ஒரே கணக்கை ரெண்டு பேரும் தனித்தனியா போடுவோம். ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் விடையை வெளிய சொல்லக் கூடாது. பன்னெண்டு வருஷமா மீறினதில்ல.

ஆஸ்பத்திரியில நான்தான் மீறினேன். மூக்குல குழாயோட கெடந்தவன்கிட்ட, "எனக்கு எட்டுல மூணு. உனக்கு?"

"அதேதான்பா. அனுப்பிடு."

அனுப்பிட்டேன்.

நோட்டு பதினாலாம் பக்கத்தோட நின்னுக்கினு இருக்குது. பாதிக் கணக்குகூட தாண்டல. மீதி எல்லாம் வெள்ளை. படுபாவி, ஏன்டா பொய் சொன்ன?

ஜூன் 15, ஞாயிறு
அவன் விட்ட எடத்துல இருந்து நானே போட்டேன். எட்டுல அஞ்சு வருது. மறுபடி போட்டேன், எட்டுல அஞ்சு. தப்பு என்னோடது. கணக்குல கூட்ட வேண்டிய வரைபடங்கள்ல ஒண்ணை ரெண்டு தடவை சேத்து எண்ணியிருக்கேன். சேகர் அதை ஒன்பதாம் பக்கத்துலயே சரியா எண்ணியிருக்கான். அவன் முடிச்சிருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பான்.

கட்டுரை வேணாம், வாபஸ்னு மெயில் அனுப்பியாச்சு.

மல்லிகாவுக்கு போன் பண்ணேன். பேப்பர் இப்ப வராதும்மா.

"அவர் போட்டதுல தப்பா அண்ணா?"

"இல்லம்மா. நான் போட்டதுல. அவன் பாதியில நிறுத்திட்டான், என்கிட்ட சொல்லல."



"கடைசி ரெண்டு மாசம் அவருக்குப் பேனா பிடிக்க வரல அண்ணா. சொன்னா நீங்க வேலையை நிறுத்திடுவீங்கன்னாரு."

வாரம் ரெண்டு தடவை போய் அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். கை எப்படி இருக்குதுன்னு ஒரு நாளும் கேக்கல. விடையைத்தான் கேட்டேன்.