வழி விடுபட்ட பதினான்காம் ஷரத்து

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடியின் எண்ணை மாற்றத் தேவையில்லை என்று கண் மருத்துவர் சொன்னார். அந்த நல்ல செய்தியை வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் மனைவி வேறொரு செய்தியை வைத்திருந்தாள். அடுத்த வியாழன் முதல் இரண்டு நாள் நாங்கள் பழைய கன்னியர் மடத்தில் தங்கப்போகிறோம்.

மடம் இப்போது மடமில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்டு, சென்ற மாதம் ஹோட்டலாகத் திறக்கப்பட்டிருக்கிறது. டிசைன் ஹோட்டல் என்கிறார்கள். விற்பனைப் பத்திரத்தை எழுதிய வக்கீல் நான். அங்கே நாற்பத்தொரு ஆண்டுகள் கன்னியாஸ்திரியாக இருந்தவர் என் அக்கா.

"ரெண்டு ரூம் போட்டிருக்கேன். நமக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணு. ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் அப்பீல் கிடையாது."

"அக்கா வரமாட்டாங்க."

"கேட்டாச்சு. வராங்க."

மார்ச் 4, புதன்

கோப்பை எடுத்துப் படித்தேன். பதினான்காம் ஷரத்து அப்படியேதான் இருக்கிறது. வேறெப்படி இருக்கும்?

மார்ச் 6, வெள்ளி

இந்த நாட்குறிப்பில் இதுவரை எழுதாத ஒன்றை எழுதி வைப்பது முறை.

மடத்தில் ஒன்பது சகோதரிகளே மிஞ்சியபோது விற்பதென்று சபை முடிவு செய்தது. அக்காவின் தம்பி என்பதால் பத்திர வேலை என்னிடம் வந்தது. தோட்டத்தின் கோடியில் பதினோரு கல்லறைகள். கடைசிக் கல்லறை ரொட்டி சிஸ்டருடையது. மடத்தின் அடுப்பில் ரொட்டி சுட்டுத் தெருக்காரர்களுக்கு விற்றவர், அக்காவின் உயிர்த் தோழி. கல்லறைகளை என்ன செய்வது என்பது ஒன்றுதான் அக்காவின் கவலை. நான் பதினான்காம் ஷரத்தை எழுதினேன்: அவை எக்காலத்தும் அகற்றப்படக்கூடாது, அவற்றின்மேல் கட்டடம் எழுப்பப்படக்கூடாது. ஒன்பது முறை திருத்தினேன். உடைக்க முடியாத ஷரத்து. இன்றும் அதைச் சொல்வேன்.

ஆனால் சமையற்கூடத்தின் பின்கதவிலிருந்து கல்லறைகளுக்குப் போகும் முப்பது மீட்டர் செங்கல் பாதையைப் பத்திரத்தில் எங்கும் குறிப்பிடவில்லை. அதில் நடக்கும் உரிமையை யாருக்கும் ஒதுக்கி வைக்கவில்லை. பத்திரம் பதிவாகி ஒரு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் சொன்னார்: "கல்லறையக் காப்பாத்திட்ட தம்பி. அங்க போற வழிய வித்துட்டியே."

அதுவே என்னிடம் அவர் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம். நான் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அதன்பின் குடும்ப நிகழ்ச்சிகளில் பார்க்கும்போது ஒரு தலையசைப்பு. நலம் விசாரிப்பதெல்லாம் என் மனைவியிடம் மட்டும்.

ஹோட்டல் நிறுவனத்துக்கும் வழி உரிமை கேட்டு இருமுறை எழுதினேன். பதிலில்லை. இந்த ஆறு ஆண்டுகளும் அக்கா அந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியே நிற்பதுபோல் ஒரு காட்சி எனக்கு அடிக்கடி வருகிறது.

மார்ச் 11, புதன்

பெட்டியில் பத்திர நகலையும் நில வரைபடத்தையும் வைத்தேன். மனைவி எடுத்து வெளியே வைத்தாள். மீண்டும் வைத்தேன். இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

பார்த்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

அக்காவை அவர் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தில் காரில் ஏற்றிக்கொண்டோம். பின்சீட்டில் மனைவியோடு உட்கார்ந்து முட்டிவலிக்கு என்ன தைலம் நல்லது என்று வழிநெடுகப் பேசிவந்தார். எனக்குச் சொல்ல வேண்டியதையும் அவளிடமே, "ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லும்மா அவனை." நான் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தேன்.

ஆராதனைக் கூடம் உணவகமாகியிருக்கிறது. பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனப் பெட்டியைப் பளபளப்பாக்கி, உள்ளே போனுக்கு சார்ஜ் போடும் வசதி செய்திருக்கிறார்கள். மர வேலை பாதிக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

வரவேற்பு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'எங்களிடம் இதற்குமுன் தங்கியதுண்டா?' என்ற கேள்விக்கு அக்கா 'ஆம்' என்று குறியிட்டார்.

"மேடம், நாங்க போன மாசம்தானே திறந்தோம்?" என்றார் வரவேற்பாளப் பெண்.

"நான் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்" என்றார் அக்கா.

அப்போது ஒரு சாவிக்கொத்தோடு கட்டடப் பராமரிப்பு மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு முன்வாசல் வழியா? அங்க பின்கதவத் தொறந்து வச்சிட்டுப் பதினோரு மணியிலேந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "தம்பி கூட்டிட்டு வந்தான். அவனுக்கு முன்வாசல்தான் தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையசைத்தேன். நாற்பதாண்டு நீதிமன்றப் பழக்கம்.

எங்கள் அறையின் நடுவில் குளியல் தொட்டி இருக்கிறது. ஏன் என்பதற்கு எந்த விளக்கமும் எங்கும் தரப்படவில்லை. அக்காவின் அறை, அவருடைய பழைய அறையையும் ரொட்டி சிஸ்டரின் அறையையும் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கியது. அக்கா சுவர் இருந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு, மனைவியிடம் சொன்னார்: "நல்லதாப் போச்சும்மா. இந்தச் சுவத்தத் தட்டித் தட்டித்தான் ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம். என் விரல் முட்டியெல்லாம் காய்ச்சுப்போச்சு."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார். "இதுல படுத்தா ஜெபத்துக்கு எவ எந்திரிப்பா?"

மாலையில் ஹோட்டலின் விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். தோட்டத்து நீச்சல் குளம் நேராக ஓடிவந்து நடுவில் சட்டென்று வளைகிறது. 'பிரார்த்தனையில் குனிந்த தலையை நினைவூட்டும் வளைவு' என்று போட்டிருக்கிறது. பலகணியிலிருந்து பார்த்தேன். வளைவின் உள்பக்கமாக ஒரு செங்கல் பாதை போகிறது.

அந்தப் பாதை.

மார்ச் 13, வெள்ளி

காலை ஏழு மணிக்கு அக்கா எங்கள் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவன் நான். மனைவியைத் தேடுகிறார் என்று நினைத்து விலகி நின்றேன். "அவ தூங்கட்டும். நீ வா" என்றார்.

ஆபீஸ் ஷூவைத் தவிர வேறு கொண்டுவரவில்லை. அதையே மாட்டிக்கொண்டு போனேன். பனியில் நனைந்த செங்கலில் இருமுறை வழுக்கியது. அக்கா ரப்பர் செருப்பில் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

நடந்துகொண்டே சொன்னதை, நினைவிருக்கும்வரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"வித்த அடுத்த வியாழக்கிழமையே வந்தேன். பூட்டியிருந்துச்சு. அதுக்கடுத்த வாரம் வேலை ஆரம்பிச்சுட்டாங்க. மேஸ்திரிகிட்ட, கல்லறைக்குப் போகணும்னேன். ஹெல்மெட் போடாம உள்ள விட முடியாதுன்னார். சரி குடுங்கன்னேன். முக்காட்டுக்கு மேல மஞ்ச ஹெல்மெட். ரொட்டிக்காரி பாத்திருந்தா சிரிச்சே செத்திருப்பா. ஏற்கெனவே செத்துட்டா, அது வேற."

ஆறு வருடம். வியாழன்தோறும் பதினோரு மணிக்கு. குளத்துக்குக் குழி தோண்டியபோது பாதையின் குறுக்கே வந்த பள்ளத்தின்மேல் பலகை போட்டுக் கையைப் பிடித்துக் கடத்தி விட்டிருக்கிறார்கள்.

"அப்புறம் அந்த டிசைன் பண்ண பொண்ணு வந்துச்சு. சிஸ்டர், குளத்து மேல அழகா ஒரு பாலம் போட்டுத் தரேன்னுச்சு. வேணாம்மா, எனக்கு முட்டிவலி, ஏறி எறங்க முடியாதுன்னேன். ரொம்ப நேரம் பேப்பர வச்சுக்கிட்டு நின்னுச்சு. அடுத்த வாரம் வந்து பாக்கறேன், குளம் வளைஞ்சிருக்கு."

குனிந்த தலையுமில்லை, பிரார்த்தனையுமில்லை. என் அக்காவின் முட்டி.

கல்லறைகள் பதினொன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணியதற்காக வெட்கப்பட்டேன்.

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? ஆறு வருஷமா நான்..."

"நீ கேட்டியா?"

"லெட்டர் போட்டேனே."

அக்கா ரொட்டி சிஸ்டரின் கல்லறைத் திண்டில் உட்கார்ந்தார். சிரிக்கவுமில்லை, கோபமுமில்லை. "போட்ட. ரெஜிஸ்டர் தபால்ல. அக்னாலட்ஜ்மென்ட் கார்டோட. கூடப் பொறந்த அக்காகிட்ட வருத்தம் சொல்றதுக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போனான் தபால்காரன். உள்ள என்ன எழுதியிருந்த? 'பிழை ஏதேனும் நேர்ந்திருப்பதாகக் கருதப்படுமானால் வருந்துகிறோம்.' எத்தன பேருடா நீங்க? நான் என் தம்பியத்தான் தேடுனேன், அதுல ஒரு ஆபீஸ்தான் இருந்துச்சு. பதில் எழுதினா அதையும் ஃபைல்ல சொருகி நம்பர் போட்டுடுவன்னு விட்டுட்டேன்."

அந்தக் கடிதத்தை எழுதிய மாலை எனக்கு நினைவிருக்கிறது. பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டால் நாளை யாரேனும் அதைச் சான்றாகக் காட்டக்கூடும் என்று யோசித்தேன். யார் காட்டுவார்கள்? அக்காவா? அக்காவை எதிர்தரப்பாக வைத்து ஒரு வாக்கியம் கட்டியிருக்கிறேன். வழியை மறந்ததைவிட இது பெரிய பிழை. ஆறு வருடம் தெரியாமலே... இல்லை, தெரியும். கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தின் நகலை மட்டும் தாண்டிப் போனவன்தானே நான்.

"நான்தான்க்கா மறந்தேன். வழிய எழுத மறந்துட்டேன். தப்பு என்னுது" என்றேன்.

"ம்" என்றார். "கை குடு, எந்திரிக்கணும்" என்றார்.

திரும்பும்போது மூன்றாம் முறை வழுக்கியது. அக்காதான் பிடித்துக்கொண்டார்.

காலை உணவில் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். ஆராதனைக் கூடத்தில், பீடம் இருந்த இடத்துக்கு நேர் எதிரே, நான் நான்கு ரொட்டித் துண்டுகள் சாப்பிட்டேன். எப்போது இப்படிப் பசித்தது என்று நினைவில்லை.

மார்ச் 14, சனி

அறையைக் காலி செய்யுமுன் மேலாளரைச் சந்தித்தேன். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் போன்ற நிதானமுள்ள பெண்மணி. என் இரண்டு கடிதங்களும் கிடைத்தனவாம். வழக்குப் போடப்போகிறார்களென்று பயந்து முதலாளியின் வக்கீலுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"வழிவிட மாட்டோம்னு நாங்க எப்ப சார் சொன்னோம்? சிஸ்டர் வாராவாரம் வந்துட்டுத்தானே இருக்காங்க."

நான் நேரில் ஒருமுறை வந்திருந்தால் போதும். அதைச் சொல்லாமல் விட்டார், அது அவருடைய பெருந்தன்மை.

இருந்தாலும் இன்றைய முதலாளி நல்லவர் என்பது நாளைய முதலாளியைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில் வேண்டும் என்றேன். "குளமே வளைஞ்சிடுச்சு, பேப்பர் வளையாதா? எழுதிட்டு வாங்க" என்றார்.

காரில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தார். ஏசியைத் தாமே குறைத்துக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

தூங்கினேன். பகலிலும்.

மார்ச் 26, வியாழன்

பிழைதிருத்தப் பத்திரத்தின் வரைவை எடுத்துக்கொண்டு மாலையில் இல்லத்துக்கு நேரில் போனேன். தபாலில் அனுப்பவில்லை. பாதையின் நீளம், அகலம், திசை எல்லாம் வரைபடத்தோடு சேர்த்திருந்தேன். 'மேற்படி சபையின் சகோதரிகள் எந்நாளும் தடையின்றி நடந்துசெல்லும் உரிமை.'

அக்கா கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார்.

"சகோதரிகள் மட்டும்னா எப்படி? இன்னும் ஆறு பேர்தான் இருக்கோம். அவகிட்ட ரொட்டி வாங்கின தெருக்காரங்க வருவாங்க. அந்த டிசைன் பொண்ணு கூட வந்துட்டுப் போகுது. அப்புறம் நீ?"

"நானா?"

"உன்ன எந்த ஷரத்துல கூட்டிட்டுப் போறது?"

'சகோதரிகளும், அவர்களோடு வரும் எவரும், அவர்களை நினைத்து வரும் எவரும்' என்று அங்கேயே பேனாவால் திருத்தினேன். 'நினைத்து வரும்' என்பதை நிரூபிக்க முடியாது, எனவே சட்டப்படி பலவீனமான சொல். அப்படியே விட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பத்திரம் பதிவாயிற்று. முதலாளியின் வக்கீல் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

அக்காவிடமிருந்து கடிதம். சாதாரணத் தபால், கோணலாக ஒட்டிய தபால்தலை. முழுவதும் இவ்வளவுதான்:

'தம்பி, வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பின்கதவு. ஒழுங்கான செருப்பாப் பாத்துப் போட்டுட்டு வா. என்னால ஒவ்வொரு தடவையும் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது.'

மாலையில் ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் முன்னிலையிலேயே ஈரத் தரையில் நடந்து பார்த்தேன், வழுக்கவில்லை.

கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. கோப்பில் வைக்கவில்லை.