நம் வீட்டைப் பேய் வீடு என்றவர்கள்

சேதுக்கரை காக்கும் இராமநாதசுவாமியும் அன்னை பர்வதவர்த்தினியும் துணை. கடலுக்குள் கல்லாய் நின்று அருளும் ஒன்பது கோள்களும் துணை.

அன்பு மகள் சுகந்திக்கு, தேவிபட்டினத்திலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்தக் குளிர் தேசத்தில் நோயின்றி இருக்க அம்பாளை வேண்டுகிறேன். இங்கு நானும் உன் தங்கை சிநேகாவும் உடலால் நலம். மனத்தாலும் நலம் என்று எழுதினால் பொய்யாகும். சுவாமி பெயரை மேலே எழுதிவிட்டு அதன் கீழே பொய் எழுத என் கை வராது. தொலைபேசியில் பேசினால் கோபத்தில் சொல் தடுமாறுகிறது, நீயும் இடையில் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு பேசு.

அந்த வீடியோவை நீயும் பார்த்துவிட்டாய். எங்கிருந்தோ வந்த ஒரு வாலிபன், தனுஷ்கோடியில் இடிபாடுகளைப் படம் பிடித்தது போதாமல் திரும்பும் வழியில் நம் வாசலுக்கு எதிரே சாலையில் நின்று, தொலைவை இழுத்துக் காட்டும் கருவியால் நம் வீட்டை எடுத்திருக்கிறான். கோலமில்லாத வாசல், பூட்டிய பெரிய கதவு, சுண்ணாம்பு காணாத சுவர், இவ்வளவுதான் அவன் கண்டது. அறுபத்து நாலாம் வருடப் புயல் தின்ற வீடு, இன்றும் பேய் குடியிருக்கிறது என்று பெயர் வைத்து உலகத்துக்குக் காட்டிவிட்டான். நீ பள்ளிக்கூடம் போகும் வயதில் உன் அய்யா கட்டிய வீட்டை அதற்கு முன்பே புயல் எப்படித் தின்றது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைவிடக் கொடுமை, அந்தியில் மாடி ஜன்னலோரம் வெளுத்த சேலையுடன் ஓர் உருவம் விளக்கோடு அசைகிறது என்று வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறானே, அந்த உருவம் நான். உன் அய்யா படத்துக்கு விளக்கேற்றப் போன உன் அம்மா.

உன் அய்யா வீரபத்திரன் மறைந்த வருடம் திரும்பும்வரை கோலம் இல்லை, வெள்ளையடிப்பு இல்லை, பண்டிகை இல்லை, பெரிய கதவும் திறப்பதில்லை, வீட்டார் பின்வாசல் வழியே புழங்குவது என்பது நம் குடும்பத்து வழக்கம். புரட்டாசியில் திவசம் முடிந்து பெரிய கதவு திறக்கும். தெருவில் உள்ளவர்களுக்கு இது தெரியும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துக்கம் காக்கும் வீட்டுக்கும் ஆளற்ற வீட்டுக்கும் பேதம் அறியாதவன், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறிந்திருப்பான். கேட்கவில்லை.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு என்றால் கார் காராக வந்து நிற்கிறார்கள். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் தரிசிக்க வந்தவர்களும் சுவாமிக்கு முதுகைக் காட்டி நம் வீட்டுக்கு முகத்தைக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக் காலிதா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தபோது ஒருவன் போய், நீங்கள் பேயைப் பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறான். "பாக்காம என்ன, இன்னிக்குக் காலையில கூட வந்து கருவேப்பிலை வாங்கிட்டுப் போச்சு. மீன் வாடைதான் அதுக்கு ஆகாது, மூக்கைப் பொத்திக்கிட்டே போகும்" என்றாளாம். அவன் அதையும் படமெடுத்துப் போட்டுவிட்டான். காலிதா வந்து, "அக்கா, வெளையாட்டுக்குச் சொன்னேன், வெனையாப் போச்சு" என்று கண் கலங்கினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நாற்காலி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, ரோடு எல்லாருக்கும் பொது. ரோட்டுல நின்னு எடுத்தா நாங்க எப்படித் தடுக்க? கேட்டுக்குள்ள கால் வச்சா ஒரு போன் போடுங்க, ஒடனே வாரோம்" என்றார். இராமநாதபுரத்தில் வக்கீலாக இருக்கும் இராமலட்சுமியிடம் போனேன். அவளும், சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற வீட்டின் வெளித்தோற்றத்தை வெறுமனே படமெடுப்பது குற்றமாகாது, உள்ளே நுழைந்தால் அத்துமீறல், மறைவில் இருக்கும் பெண்ணை எடுத்தால் குற்றம், பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தால் அதற்கும் வழியுண்டு என்று பிரித்துச் சொல்லி, அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினாள். அவன் என்ன பதில் போட்டான் தெரியுமா? பேய் உண்டு என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை, பார்ப்பவர் முடிவுக்கு விட்டிருக்கிறேன் என்கிறான். என் வீட்டில் நான் மனுஷியா பேயா என்று முடிவு செய்யும் உரிமையை ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறான்.

சட்டம் மதிற்சுவரோடு நின்றுவிடுகிறது, தர்மம் அங்கே நிற்பதில்லை மகளே. ஆண்டவனுக்கே திரை உண்டு. அலங்காரம் நடக்கையில் திரை விழுந்தால், எத்தனை காதம் நடந்து வந்த அடியாரும் அதை விலக்கிப் பார்ப்பதில்லை. தீபாராதனை காட்டும்வரை கைகூப்பிக் காத்திருக்கிறார். காண்பது பக்தனின் ஆசை, காட்சி கொடுப்பது ஆண்டவன் கருணை. கோயிலில் கற்ற இந்த ஒழுக்கத்தைக் கோயில் வாசலிலேயே உதறிவிட்டு வருகிறவனுக்கு எந்தத் தீர்த்தத்தில் மூழ்கி என்ன பலன்?

இனி நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருகிறேன். சிநேகாவுக்கு உன் அய்யா இருக்கும்போதே பேசி முடித்த சாயல்குடி சம்பந்தம் உனக்குத் தெரியும். வருடம் திரும்பியபின் ஐப்பசியில் பூ வைத்துத் தையில் கல்யாணம் என்று இருந்தோம். அந்தப் பையனின் தாயார் நாகலெட்சுமி பேசினார்கள். "மதினி, நான் நம்புறவ இல்ல. ஆனா எங்க பக்கத்துல ஒரு மாதிரியாப் பேசுறாக, பேய் வீட்டுல பொண்ணெடுக்கிறோம்னு. வெள்ளையடிச்சு, ஒரு கோலத்தைப் போட்டு, வாசலைத் திறந்து வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க. நாலு பேருக்குக் காட்டி வாயை அடைச்சுருதேன். இல்லைன்னா தள்ளித்தான் போடணும்" என்றார்கள். என் தம்பி முனீஸ்வரனும், "அக்கா, செத்தவுக கோவிச்சுக்கவா போறாக, சுண்ணாம்பை நான் வாங்கியாறேன்" என்கிறான். அவர்களாவது தூரத்து மனிதர்கள், என் தம்பியோ எப்போதும் அவசரக்காரன். நீயும் அல்லவா சொன்னாய், ஒரு கோலம்தானேம்மா என்று? உன் அய்யாவுக்கு நாம் செலுத்தும் வருடத்தை, சாலையில் நின்ற ஒருவனின் பொய்க்குப் பயந்து பாதியில் அறுக்கச் சொல்கிறாயே, அந்தச் சொல்தான் வீடியோவைக் காட்டிலும் என்னை எரித்தது. கல்யாணம் சிநேகாவுடையது என்பதை நான் மறக்கவில்லை. அவள் வாழ்வை என் பிடிவாதத்துக்குப் பலியிடுகிறேனோ என்று பூசையில் அமர்ந்தும் மனம் நிலைகொள்ளவில்லை.

போன சனிக்கிழமை ஒரு கூட்டம் வந்து கேட்டைப் பிடித்து ஆட்டியது. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய் அவர்கள் நடுவில் நின்று நானும் நம் வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த இடத்திலிருந்து எனக்கும் ஆளில்லாத வீடாகத்தான் தெரிந்தது. தெரிந்ததில் குற்றமில்லை, தெரிந்ததையே உண்மை என்று விற்றதில்தான் குற்றம். ஒரு பெண், பாட்டி, இந்த வீட்டில் உருவம் வருமாமே என்றாள். நான்தானம்மா அது, என் கணவருக்கு விளக்கேற்ற மாடிக்குப் போவேன் என்றேன். அவள் முகம் வாடிக் கைபேசியைத் தாழ்த்திவிட்டாள், மன்னிப்பும் கேட்டாள். அவளோடு வந்தவன் என்னோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். வாழ்நாளில் நான் சொல்லாத ஒரு சொல் அன்று என் வாயில் வந்தது. இறைவன் பொறுப்பானாக.

அதையெல்லாம் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சிநேகா இறங்கி வந்து, என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல், நாகலெட்சுமியைத் தானே கைபேசியில் எனக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். "அத்தை, வாசல் புரட்டாசியிலதான் திறக்கும். அதுக்கு முந்தி வீட்டைப் பாக்கணும்னா நீங்களே வாங்க, பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போயி அடுப்படி வரைக்கும் காட்டுறேன். போட்டோ மட்டும் அனுப்ப மாட்டேன்" என்றாள். அவர்களும், "ஒங்க மாமாட்டக் கலந்துக்கிட்டுச் சொல்லுதேன் தாயி" என்று வைத்துவிட்டார்கள். இதுவரை பதில் இல்லை. வந்தால் இலை போட்டுச் சோறிடுவேன். வராவிட்டால், சாலையில் நிற்பவன் சொல்லுக்குக் குலையும் சம்பந்தம் கழுத்தில் தாலி ஏறுமுன் குலைந்ததே என்று உன் தங்கை தேறிக்கொள்வாள். அழுதாள்தான், மறைக்கவில்லை. அழுதுவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

மாப்பிள்ளையிடம் சொல், அந்த வீடியோவின் கீழே போய் அவர்களோடு சண்டையிட வேண்டாம். நீயும் நியாயம் கேட்கிறேன் என்று உறவினர்க்கெல்லாம் அனுப்பாதே. பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் அவனுக்குப் போடும் பிச்சை. சிநேகாவை மட்டும் இந்த வாரம் கூப்பிட்டுப் பேசு. கல்யாணத்தைப் பற்றிக் கேட்காதே, சும்மா பேசு.

பர்வதவர்த்தினி உன் இல்லத்துக்குக் காவலாகட்டும். உன் மனையில் தானியமும் தீபமும் குறையாதிருக்க, குழந்தைகள் கல்வியும் அடக்கமும் பெற்று நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கிறேன்.

உன்னைக் கடிந்துகொண்ட போதும் உன் நலமே நினைக்கும் தாய்,
முருகலட்சுமி வீரபத்திரன்