பெயர் வைக்காத மனு

இன்று காலை தக்கலையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும், சேமிக்காமல் அணைந்துபோன கோப்புகளையெல்லாம் அது தானாகவே மீட்டு, திரையின் இடது ஓரத்தில் வரிசையாகக் காட்டியது. அதைப் பார்த்ததும் உன் மேல் கோபம் வந்தது. ஆறு வருடம் கழித்தும் வருகிறது. செத்தவளிடம் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

டைப்பிங் சென்டரில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஊர்க்காரர்களின் மனுக்களை அடித்துக் கொடுப்பது வேலை. ஒன்றை முடித்தால் மூட வேண்டும் என்கிற நல்ல பழக்கம் உனக்குக் கிடையாது. திரையின் அடியில் பதினைந்து கோப்பாவது திறந்தே கிடக்கும். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டுவாய். கம்ப்யூட்டர் திணறும்.

“ஏட்டி, மூடித் தொலையேன்” என்பேன்.

“மூடினா மறந்து போவேன் மக்கா. தொறந்தே கெடக்கட்டு.”

அப்படிக் கிடந்ததில்தான் அந்தக் கூத்து நடந்தது. புதுக்கடை ஊர்க்காரி ஒருத்தி விதவை உதவித்தொகை கேட்டிருந்தாள். மார்த்தாண்டத்துப் பெரியவர் ஒருவர் பட்டாவில் பெயர் மாற்றக் கேட்டிருந்தார். புருஷன் செத்ததைச் சொல்லும் அவளுடைய பத்தியை நீ இவர் மனுவில் ஒட்டிவிட்டாய். தாலுகா ஆபீஸ்வரை போய்த் திரும்பி வந்து நின்றார் மனிதர். “எனக்க கெட்டியோன் செத்துப்போனான்னு அடிச்சு வச்சிருக்கியே பிள்ளே.” நீ சிரித்தாய். திட்டு வாங்கியது நான்.

மறுநாள் நீ டீ குடிக்கப் போன நேரத்தில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஊரார் மனுக்களை ஒவ்வொன்றாகச் சேமித்து மூடினேன். கடைசியில் பெயர் வைக்காத ஒன்று மிஞ்சியது, ‘டாக்குமெண்ட் ஏழு’. இருந்த ஆத்திரத்தில் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சேமிக்கவா என்று கேட்டது. ‘நோ’ கொடுத்தேன்.

நீ வந்து வெறும் திரையைப் பார்த்தாய். “ஏழாவதும் போச்சா?” என்றாய்.

“அதுல என்ன இருந்து?”

“ஒண்ணுமில்ல மக்கா. சும்மா அடிச்சுப் பாத்தது.”

அது உன்னுடைய மனு என்று, நாலு மாதம் கழித்து உன் அடக்கத்தன்று உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு அரசு உதவி கேட்டு நீ அடித்தது. “ஒரு மாசமா ஒவ்வொரு வரியா அடிச்சா. ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’னு அடிக்க மட்டும் கை வரலேன்னு சொன்னா. பொறவு அழிஞ்சு போச்சுன்னு விட்டுட்டா.”

விட்டுவிட்டாயா? ஊரில் அத்தனை பேருக்கும் அந்த ‘பணிவுடன்’ என்ற சொல்லைத் திரையைப் பார்க்காமலே அடித்தவள் நீ. உனக்காக ஒரு தடவை அடிக்க என்ன கேடு? பத்து நிமிட வேலை. சொல்லியிருந்தால் நானே அடித்து, நானே ஆபீசுக்குக் கொண்டு போயிருப்பேன். முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்துகொண்டு, உடம்புக்கு முடியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. நான் செய்த தப்பு ஒரு நொடி. நீ நாலு மாதம் செய்தாய். இப்படிக் கணக்குச் சொல்லியும் எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது பெயர் வைக்காத எதையும் நான் படிக்காமல் மூடுவதில்லை. வாசலில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். இன்று இடது ஓரத்தில் வந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரிவரை படித்தேன். கரண்ட் பறித்ததையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் திருப்பித் தந்துவிடுகிறது. நான் ‘நோ’ கொடுத்ததை மட்டும் தருவதில்லை.