நீலம் பாய்ந்த போல்ட்

முதல் நாள், காலை 9.10
நிலவின் தென்முனைச் சுரங்க நிலையம். எழுதுவது உலோகப் பொறியாளர் மங்கையர்க்கரசி. இங்கே நானும் ஃபிட்டர் மிக்கேலும் மட்டும்தான், ஆளுக்கோர் அறை. குளிரில் இரண்டு அறைகளின் கதவு போல்ட்டும் விரிசல் விட்டுவிட்டன. அறைக் காற்று கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். போல்ட் போனால் ஆளும் போயிற்று. புதிதாக இரண்டு எஃகு போல்ட் கடைந்து, செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினேன். அரம் வைத்துத் தேய்த்தால் வழுக்குகிறது, அவ்வளவு கடினம்.

பிற்பகல் 2.40
கடினம் வேறு, அடி தாங்கும் வலு வேறு. கல்லும் கடினம்தான், தட்டினால் தெறிக்கும். அமிழ்த்திய எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் அதிர்ச்சியைத் தாங்கும். அப்போது எஃகில் நீலம் பாயும், கடினம் சற்றுக் குறைந்து அரமும் கொஞ்சம் ஏறும்.

உலையில் ஒன்றுதான் கொள்ளும். மின்சாரமும் ஒன்றுக்குத்தான் மிச்சம்.

நீலம் எனக்கு. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். "இரண்டும் ஒரே தரம்தான், நீலத்தை என் கதவில் மாட்டு" என்று மிக்கேலிடம் சொல்லிவிட்டேன். ஊரில் அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம். இருக்கட்டும். என் உயிரும் உயிர்தான்.

மாலை 6.05
மாட்டி முடித்தான். காற்றை மிச்சம் பிடிக்க, அறைகளுக்கு நடுவிலுள்ள இடைவழியில் காற்றை இறக்கியாயிற்று. நாளை மீட்புக் கலம் வரும்வரை எந்தக் கதவையும் திறக்க முடியாது. விண்ணுடைகள் அவன் பக்கம். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வானொலியில் மிக்கேல்: "அக்கா, அந்த நீல போல்ட்டுல அரம் ஏறுது. சூட்டுல கெட்டுப்போச்சு போல. அதையா உங்களுக்குப் போடுவேன்? அத என் கதவுல மாட்டிட்டேன். நல்லது உங்க கதவுல இருக்கு. தைரியமா தூங்குங்க."

மாலை 6.30
பூமியிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பியது: "கலத்தைத் தள்ளி இறக்குங்கள். தரை அதிர்ந்தால் என் போல்ட் முறியும்."

பதில்: "எரிபொருள் போதாது. பதப்படுத்தியது உங்கள் கதவுக்கு என்றுதானே அறிக்கை தந்தீர்கள்?"

பாவி, என்மேல் ஏன் இத்தனை பாசம் வைத்தான்?

மறுநாள், காலை 8.50
மிக்கேல்: "அக்கா, கலம் எறங்குது! லேசா குலுங்கும், பயப்படாதீங்க. உங்க போல்ட்டு கல்லு மாதிரி இருக்கு."

தரை அதிர்கிறது. கல் மாதிரிதான் இருக்கிறது மிக்கேல். கல் மாதிரியேதான் நடுவில் ஒரு கீற்