குழுவில் உங்கள் இடம்

இன்று காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் மீன் லாரி ஒன்று ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட எனக்கு முன்னால் போனது. கார் கண்ணாடியை ஏற்றியும் வாடை உள்ளே வந்தது. நீங்கள் முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்த நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது திருவொற்றியூரில் விசைப்படகுகளுக்கான ஐஸ் பெட்டி செய்துகொண்டிருந்தோம். நிர்வாகத்தில் நான்கு பேர். நால்வரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் சொன்னால் மற்ற மூவரும் தலையாட்டுவோம். ஆர்டர் குறைந்துகொண்டே போனது. அப்போதும் அதே பெட்டியைத்தான் செய்தோம். காசிமேட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த நீங்கள், எங்களிடம் வாங்கிய பெட்டியின் உடைந்த மூடியோடு சண்டைக்கு வந்தீர்கள்.

“இன்னா சார், இத்த தூக்க நாலு ஆம்பள வேணும். நாங்க எப்டி பஸ்ல ஏத்தறது?”

எங்களில் ஒருவரும் அப்படி யோசித்ததே இல்லை.

பல மாதம் கெஞ்சி உங்களை நிர்வாகக் குழுவில் சேர்த்தோம். “மீன்காரம்மா மீட்டிங்குக்கா?” என்று எங்களில் ஒருவன் சிரித்தது உங்கள் காதில் விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். பெண்கள் தனியாகத் தூக்கக்கூடிய சிறிய பெட்டி உங்கள் யோசனை. மூன்று கூட்டங்கள் அதற்காக எங்களோடு மல்லுக்கட்டினீர்கள். கம்பெனியைக் காப்பாற்றியது அதுதான். சக்கரம் வைத்த பெட்டியும் உங்கள் யோசனைதான்; அது மணலில் சிக்கி நின்றுவிட்டது. “அது என் தப்பு சார். வுட்டுட்டு அடுத்தத பாக்கலாம்” என்றீர்கள். அதுவரை அந்த அறையில் யாரும் தன் தப்பை ஒப்புக்கொண்டதில்லை.

புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

“என் எடத்துல உங்கள மாரியே ஒருத்தர உக்கார வெச்சிராதீங்க சார்.”

சரி என்றேன். நீங்கள் இறந்து, ராயபுரம் மாதா கோவிலில் உங்களுக்கான பூசை முடிந்த ஒரே மாதத்தில், எங்கள் வகுப்புத் தோழன் இன்னொருவனை உங்கள் இடத்தில் உட்கார வைத்தேன். அதுதான் சுலபமாக இருந்தது. பிறகு கூட்டங்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. இரண்டு வருடமாகப் புதிதாக ஒரு பெட்டிகூட வரவில்லை.

இதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். போன மாதம் அவனிடம் பேசி விலகிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் பட்டறையில் வேலை செய்யும் சடையங்குப்பத்துப் பெண் ஒருத்தியைக் குழுவில் சேர்த்தோம். முதல் கூட்டத்திலேயே என் திட்டத்தைக் கேட்டுவிட்டு, “இது வேலைக்கு ஆவாது சார்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டேன். கூட்டம் மதியம் வரை நீண்டது.

வாக்குத் தவறிய வெட்கம் என்னைவிட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம். எல்லோரும் சட்டென்று சரி என்று சொல்லிவிட்டால் இப்போதெல்லாம் எனக்கு நிம்மதி வருவதில்லை. யாரைக் கேட்காமல் விட்டோம் என்று தேடுகிறேன்.